மண்டலம் இறங்கிய தெருவில் ஒரு கல்யாணம்

ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி வாக்கில், திருப்பூருக்குத் தெற்கே பூலாங்காட்டுக் காலனியின் மூன்றாவது தெருவில், எல்லோரும் துணி காயப்போடுகிற பொட்டலில் ஒரு விண்மீன் மண்டலம் வந்து இறங்கியபோது யாரும் அலறவில்லை. சட்டென்று வெளிச்சம் சிவந்ததைப் பார்த்து மழை வருகிறதென்று நினைத்த பெண்கள் ஓடிவந்து துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள், அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்து மழையைக் காணோம் என்றதும் அதே துணிகளைக் கொண்டுவந்து மறுபடி காயப்போட்டார்கள்.

மண்டலம் கல்யாணப் பந்தல் அகலத்துக்கு இருந்தது. கோழிமுட்டையைப் படுக்கவைத்த வடிவம், தணலின் நிறம், உள்ளே எண்ணி மாளாத புள்ளிகள். தரையைத் தொடாமல் ஓர் ஆள் உயரத்தில் அசையாமல் நின்றது. பக்கத்தில் போனால் இப்போதுதான் இஸ்திரி போட்ட பனியனின் சூடு அடித்தது. முதல் வாரம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் மின்வாரிய ஊழியர் வந்து இதற்கு எங்கிருந்து லைன் இழுத்திருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் அதன் கீழே வடகம் காயவைத்தார்கள், மழைநாளிலும் காய்ந்தது. பையன்கள் அடித்த கிரிக்கெட் பந்து அதற்குள் போய் எட்டு நாள் கழித்து, நூறு வருடம் விளையாடித் தேய்ந்தது போல் திரும்பி வந்தது. புதுப்பந்து வாங்கிக்கொண்டார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு ஷிப்மென்ட் தேதியைவிடப் பெரிய அதிசயம் ஏழு உலகத்திலும் கிடையாது. காலை எட்டரைக்குக் கம்பெனிச் சங்கு ஊதினால் மண்டலத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள்.

அப்படி ஓடியவர்களில் ஒருத்தி மயிலாத்தாள். நாற்பத்தாறு வயது. பனியன் கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு வருடமாகச் செக்கிங் வேலை. தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ நிறமாற்றமோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு குறை கப்பல் ஏறியதில்லை. அப்பா போனபோது அவளுக்குப் பதினெட்டு, தம்பி சென்னியப்பனுக்குப் பத்து. தம்பி படிப்பு முடியட்டும் என்றாள், தம்பி கல்யாணம் முடியட்டும் என்றாள், தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து முடியட்டும் என்றாள். எல்லாம் முடிந்தபோது பெண் பார்க்க வருகிறவர்களும் முடிந்துபோயிருந்தார்கள்.

முடிந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில்தான் ஆறுச்சாமி வந்தார். கம்பெனிக்குத் துணி ரோல் ஏற்றிவரும் வேன் டிரைவர். மனைவி போய் எட்டு வருடம், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் ஐம்பத்தோரு வயதுக்காரர். ஒருநாள் ரோலை இறக்கிவிட்டு, செக்கிங் டேபிளுக்கு எதிரே நின்று, "ஏனுங்க மயிலா, காலம்பூரா குத்தங்குறையே பாத்துட்டு இருக்கறீங்க. என்றகிட்ட எத்தனை இருக்குதுன்னு நிதானமாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். மயிலாத்தாள் இரண்டு நாள் நிதானமாகப் பார்த்தாள். மூன்றாம் நாள், "பாசுங்க" என்றாள்.

அந்தக் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. முதல் தேதிக்கு முன்பு மயிலாத்தாளின் அம்மா இறந்துபோனாள். இரண்டாம் தேதிக்கு ஆறுச்சாமியின் மகள் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாவதாக ஆவணி இருபது குறித்திருந்தது, காலனி மாரியம்மன் கோயிலில். மூன்றாம் முறையும் தவறினால் ஆட்கள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடுவார்கள், பேசாமல் விட்ட காரியம் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். சென்னியப்பனுக்கும் தெரியும். அவன் அந்தக் கோயில் கமிட்டிச் செயலாளர். அதில் அவனுக்கு மீசை முளைத்த நாள் முதல் பெருமை. அக்கா கல்யாணத்தை அவன் வாயால் மறுத்ததில்லை, பேச்சு வந்தால் பாதிச் சோற்றில் கைகழுவிவிடுவான். ஊர் சிரிக்கும் என்பது ஒரு பங்கு. மீதிப் பங்கு என்னவென்றால், காலையில் அக்கா இருமுகிற சத்தம் கேட்காத ஒரு வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, பாவம்.

ஆடி பிறந்த மறுநாள், மலைமேலுள்ள வானாய்வுக் கூடத்திலிருந்து டாக்டர் பிலோமினா என்ற அம்மாள் பெட்டி பெட்டியாய்க் கருவிகளோடு வந்து நான்கு நாள் அளந்தார். நல்ல மனுஷி; கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். கடைசி நாள் தெருவைக் கூட்டிவைத்துச் சொன்னார்: "இது ரொம்ப வயசான மண்டலம். ஆயிரம் கோடி வருஷம் இருக்கும். இதுல இருக்கறது எல்லாமே கிழட்டு நட்சத்திரம், அதனாலதான் இந்தச் சிவப்பு. புதுசா ஒண்ணும் பொறக்கறது இல்ல. இருக்கறது ஒவ்வொண்ணா அணைஞ்சு தீர வேண்டியதுதான். யாரும் பயப்பட வேண்டாம், இதுல இனி எதுவும் நடக்காது."

பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னதுதான் வினையாயிற்று. பூசாரி நாச்சிமுத்து மூன்று நாள் யோசித்தார். பிறப்பு அற்றுப்போய், உள்ளதெல்லாம் அணைய மட்டுமே காத்திருக்கிற ஒன்றை என்னவென்று சொல்வது? உயிர் போயாயிற்று, உடம்புச் சூடு மட்டும் ஆறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே தெருவில் பிணம் கிடக்கிறது. தெருவில் பிணம் கிடந்தால் அதை எடுக்கிற வரைக்கும் கோயில் நடை திறக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, நல்ல காரியம் ஒன்றும் ஆகாது. இது பூசாரியின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்து விதி. நடையைச் சாத்திப் பூட்டினார். ஆடிக் கூழ் நின்றது.

காலனி இந்தத் தீர்ப்பையும் மண்டலத்தை ஏற்றுக்கொண்டது போலவே ஏற்றுக்கொண்டது. சங்கு ஊத ஆள் வந்து ஊதிவிட்டுப் போனான். மூங்கில் வெட்டிப் பாடை கட்டி, எட்டுப் பேர் மண்டலத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்து, "ஏத்து, ஏத்து" என்றார்கள். எதைப் பிடித்து ஏற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை, பிடித்தவன் கைக்குள் வெதுவெதுப்பு மட்டும்தான் அகப்பட்டது. துக்கம் விசாரிக்க ஈரோடு, தாராபுரம், காங்கேயத்திலிருந்தெல்லாம் ஒறம்பரைச் சொந்தங்கள் வந்து பொட்டலில் பாய்போட்டு உட்கார்ந்தார்கள். "எத்தனை வயசாச்சுங்க?" "ஆயிரம் கோடி வருசமாமுங்க." "அப்பக் கல்யாணச் சாவுதான், வருத்தப்படாதீங்க" என்று தேற்றிவிட்டுப் போனார்கள். பட்டினி எத்தனை நாள் இருப்பது? நான்காம் நாள் எல்லோரும் கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு இரண்டாவது தெருவுக்குப் போய், அங்கே வரிசையாக வைத்துச் சமைத்து, குண்டானோடு மூன்றாவது தெருவுக்குத் திரும்பிவந்து சாப்பிட்டார்கள். இரண்டாவது தெருக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு குழம்பு மாற்றிக்கொண்டார்கள்.

ஆடி கடைசி வாரத்தில் சென்னியப்பன் அக்காவிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தேதியத் தைக்குத் தள்ளிக்கலாங்க்கா."

"வேற கோயில்ல வெச்சுக்கலாமே."

"எந்தக் கோயில்ல வெச்சாலும் பொண்ணு இந்தத் தெருவுல இருந்துதானே பொறப்படோணும். பொணம் கெடக்கற தெருவுல இருந்து பொண்ணு எப்படிப் பொறப்படும்?"

"புதுசா ஒண்ணும் பொறக்காட்டி அது பொணமாடா?" என்றாள் மயிலாத்தாள். "அப்ப நானும் அதுதானா?"

சென்னியப்பன் வாசலில் போய் நின்றுகொண்டு செருப்பை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

மயிலாத்தாள் அழுதுகொண்டே பொட்டலுக்குப் போனாள். அழுதாலும் காய்ந்த துணியை எடுத்தாக வேண்டும். மண்டலத்தின் சிவப்பு எல்லாத் துணிமேலும் படிந்திருந்தது. தம்பியின் வெள்ளை வேட்டியைக் கம்பியிலிருந்து இழுத்தபோது அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலப் பூச்சு தெரிந்தது. சொட்டுநீலம் திட்டாக நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தாள். வேட்டியை இடப்பக்கம் நகர்த்தினாள். வேட்டி நகர்ந்தது, நீலம் நகரவில்லை. வேட்டியின் வேறோர் இடத்தில், காற்றில் முன்பு இருந்த அதே இடத்தில் நின்றது. அவள் அழுகை அங்கேயே நின்றது. செக்கிங்கில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது: கறை துணியோடு போகும், வெளிச்சத்தின் கோளாறு நின்ற இடத்திலேயே நிற்கும்.

கம்பெனியில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஊதா விளக்கு எரியும். வெள்ளைத் துணியை உள்ளே நீட்டினால் நீலமாய்ப் பளீரென்று மின்னும், வேறு நிறம் எதுவும் மின்னாது. வெள்ளை சரியான வெள்ளைதானா என்று பார்க்க அதுதான் வழி. அந்த மின்னலை இருபத்தெட்டு வருடமாகப் பார்த்த கண் அவளுடையது. மண்டலத்துக்குள் எங்கோ அந்த விளக்கு எரிகிறது. சிவப்பு தணிந்தது, ஆறியது. இது ஆறாத ஏதோ ஒன்று, அப்படியானால் புதிது.

அன்று சாயங்காலமே பூசாரியிடம் போனாள். "மாமா, அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு புதுசாப் பொறந்திருந்தாலும் நடை தொறப்பீங்களா?"

நாச்சிமுத்து நேர்மையானவர். "பொறப்பு இருக்கற எடத்தைச் சாவு வீடுன்னு சொல்ல எனக்கு நாக்கு வராதம்மிணி. காட்டு, தொறக்கறேன்."

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளைத் துணி ரோல் இருபத்தாறை ஆறுச்சாமி வேனில் ஏற்றிவந்தார். லாரிக்காரரிடம் தார்ப்பாய்கள் வாங்கிப் பொட்டலுக்கு மேலே சூரியன் புகாமல் கட்டினார். செக்கிங் பெண்கள் பதினான்கு பேர் டிபன் பாக்ஸோடு வந்து இறங்கினார்கள். மண்டலத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கம்பியில் வெள்ளைத் துணியைச் சுவராகத் தொங்கவிட்டார்கள். நடுப்பகலில் தார்ப்பாய்க்கு அடியில் இருட்டு கூடியது. துணியெல்லாம் குங்குமக் கரைசலில் முக்கியது போல் சிவந்து கிடந்தது. "நேராப் பாக்காதீங்கடி, சாய்ச்சுப் பாருங்க" என்றாள் மயிலாத்தாள். நேராகப் பார்த்தால் பெரிய நிறம் சின்ன நிறத்தை விழுங்கிவிடும். தலையைச் சாய்த்துக்கொண்டு ஓரக்கண்ணால், மூச்சை அடக்கி, முழம் முழமாகத் துணியைப் பார்த்துக்கொண்டே போனார்கள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"அக்கா, இங்க!" என்றாள் ஒருத்தி. மயிலாத்தாள் ஓடிப்போய்த் துணியை அசைத்தாள். நீலம் அசையவில்லை. அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டினாள். பிறகு கீழ்மூலையில் ஒன்று, வடக்குப் பக்கம் மூன்று, ஒன்றையொட்டி ஒன்றாய் இரண்டு. இருபத்தெட்டு வருடமாகக் குறை இருக்கிற இடத்தில் ஒட்டி ஒட்டித் தேய்ந்த விரலால் நல்லது இருக்கிற இடத்தில் ஒட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அழுத்திவிட்டாள். மொத்தம் பதினேழு. பரப்பில் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றுகூட வராது.

டாக்டர் பிலோமினாவுக்குப் போன் செய்தார்கள். மறுநாள் காலை வந்து, தார்ப்பாய்க்குள் குனிந்து நுழைந்து, அம்புக்குறிகளைப் பார்த்து, தன் கருவியை அந்தந்த இடத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். பிறகு மண்தரை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சிவப்புலதான் பார்த்தேன். சிவப்பாத்தானே இருக்குன்னு அந்த வெளிச்சத்துலயே அளந்துட்டேன். இது புற ஊதா. இதுல பார்க்கணும்னு எனக்குத் தோணலை. நான் சொன்னது தப்பு மயிலாத்தாள்."

"அப்பப் பொறந்திருக்குதுங்களா?"

"பொறந்திருக்கு. இன்னும் பொறந்துட்டும் இருக்கு. கொஞ்சமா, மெதுவா."

தெரு முழுக்கக் குலவையிட்டது. ஆறுச்சாமி வேனுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். பூசாரி நாச்சிமுத்து மட்டும் கையை உயர்த்தினார். "சாவுத் தீட்டு போச்சு, சந்தோசம். ஆனாப் பொறப்புத் தீட்டுன்னு ஒண்ணு இருக்குதல்லோ. பிள்ளை பொறந்தாப் பதினாறு நாளு. இதுக பொறந்து எத்தனை நாளாச்சு மேடம்?"

டாக்டர் பிலோமினா கேள்வியை அலட்சியம் செய்யவில்லை. போனில் கணக்குப் போட்டார். "இருக்கறதுலயே சின்னது, எழுபது லட்சம் வருஷத்துக்கு உள்ளதான். மண்டலத்தை ஒரு அறுபது வயசுக்காரின்னு வெச்சுக்கங்க, அவ கணக்குக்கு அது பதினஞ்சு நாள் பிள்ளை."

"பதினாறு ஆகலை" என்றார் பூசாரி வருத்தத்தோடு.

"நாளைக்கு ஆயிருமல்லோ!" என்று கத்தினார்கள் கூட்டத்தில்.

"அவளுக்கு நாளைக்குன்னா நமக்கு நாலரை லட்சம் வருஷம் ஆகுங்க" என்றார் டாக்டர், இன்னும் வருத்தத்தோடு.

விதி என்னவென்று பூசாரி சொன்னார். பிறப்புத் தீட்டு ஊருக்கு இல்லை, பிள்ளைக்கு உரிமைப்பட்டவருக்கு மட்டும்தான். இன்னாருடையது என்று ஒருவர் முன்வந்து சொல்லிவிட்டால் தீட்டு அவரோடு போகும், தெரு சுத்தம். உரிமை சொல்ல ஆள் இல்லாத பிறப்பு என்றால் தீட்டு தெருவுக்கே. ஆக, இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொந்தம் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னவர் இந்த ஜென்மத்தில் அம்மன் வாசப்படி மிதிக்க முடியாது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு நேர்த்தி, ஒரு முடியிறக்கு, ஒரு பூமிதி பாக்கி இருந்தது. யாரைக் குறை சொல்ல? மெல்ல மெல்ல எல்லார் கண்ணும் மயிலாத்தாள் பக்கம் திரும்பியது. கண்டுபிடித்தவள் அவள்தானே. அதோடு, இத்தனை காலமும் இந்தத் தெருவில் யாரும் எடுக்காத பாரத்தை எடுத்தவளும் அவள்தான். அவள் எடுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்க்கிற பழக்கம் அவர்களுக்கும், எடுத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கும் ஊறிப்போயிருந்தது. பிள்ளைகளை அநாதையாக விட அவளுக்கு மனம் வரவில்லை. ஆவணி இருபது கண்ணெதிரே ஒருமுறை வந்து போயிற்று. ஆறுச்சாமியைப் பார்க்காமல், அவள் ஓரடி முன்னால் வைத்து வாயைத் திறந்தாள்.

"எனக்குச் சொந்தம்" என்று சத்தம் வந்தது. அவள் சத்தம் இல்லை அது.

சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கோயில் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் பூசாரி காலடியில் வைத்தான். "பதினேழும் எனக்குச் சொந்தம். இனிமேப் பொறக்கறதும் எனக்குத்தான். எனக்கு மட்டும். என்ற பொண்டாட்டி பிள்ளைக்கும் இல்ல, அக்காளுக்கும் இல்ல. எழுதிக்கங்க."

"டேய், நல்லா யோசிச்சியா?" என்றார் நாச்சிமுத்து. "கமிட்டி போச்சு. தேர் இழுக்க முடியாது. அம்மன் மொகத்தைக் கண்ணுல பாக்க முடியாது."

"வெளிய நின்னு கும்புட்டுக்கறேனுங்க. அவளுக்குக் காது கேக்கும்." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. "எங்கக்கா எனக்காக வெளிய நின்னது இருவத்தெட்டு வருசமுங்க."

மயிலாத்தாள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவும் முடியாமல், தொடவும் கூடாமல், ஓங்கிய கையோடு நின்றாள்.

ஆவணி இருபது காலை ஆறரைக்கு நடை திறந்திருந்தது. மூன்றாவது தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது; இரண்டாவது தெருக்காரர்கள் தனியாகிப் போனதாக உணர்ந்து, வரிசை கொண்டுவந்து இங்கேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். மயிலாத்தாள் அரக்குப் பட்டுக் கட்டியிருந்தாள். ஆறுச்சாமிக்கு மீசைக்கு மை பூசியது யார் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. தாலி கட்டியாயிற்று. பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக்கொடுக்க அப்பா இல்லை, கூடப்பிறந்தவன் வெளியே. சித்தப்பா முறைக்காரர் ஒருவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

மயிலாத்தாள் அவரைக் கடந்து, ஆறுச்சாமியையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். சென்னியப்பன் படிக்கு வெளியே, வேட்டியை மடித்துக் கட்டாமல், கைகட்டி நின்றிருந்தான். அவள் வலது கையை நீட்டினாள்.

அவன் பதறிப் பின்னால் போனான். "தொட்டறாதீங்க்கா! தீட்டு. பதினாறு ஆகட்டும்."

"நாலரை லட்சம் வருசம் நான் நிக்க முடியாதுடா கண்ணு. தலைக்குக் குளிச்சுக்கறேன். கையக் குடு."

சென்னியப்பன் உள்ளே பூசாரியைப் பார்த்தான். நாச்சிமுத்து மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்று, எண்ணெய் குறையாத விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்தான், கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தான், பிறகு ஆறுச்சாமியின் கையில் கொடுத்தான்.